ஆச்சியின் பாம்படம் எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 தீபாவளிக்கு என் மகள் புதுப் போன் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். அதில் உள்ள செயற்கை நுண்ணறிவு வசதிகளை மூன்று வாரமாகப் பயன்படுத்திப் பார்த்ததில் என் மனதில் பட்டதை எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் போகும். இடம் போதவில்லை என்றால் முன்பகுதியைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆச்சி படத்தைப் பற்றி எழுதியிருப்பதையும், 'காணவில்லை' விளம்பரங்களைப் பற்றி எழுதியிருப்பதையும் மட்டும் விட்டுவிட வேண்டாம்.

என்னைப் பற்றி நாலு வரி. ஊர் கோவில்பட்டி. வயது 71. 1969-ல் ஒரு ஸ்டூடியோவில் டார்க் ரூம் பையனாகச் சேர்ந்தபோது எனக்கு 15 வயது. 1981-ல் சொந்தமாகக் கடை போட்டேன், 2012-ல் மூடினேன். காலண்டர் ஓவியர் கொண்டையராஜு வாழ்ந்த ஊர் இது. 1976-ல் அவர் மறைந்த பிறகும் ஓவியமும் போட்டோவும் கலந்த ஒரு தொழில் இங்கே ரொம்ப நாள் நடந்தது. நான் வேலை பழகிய ஸ்டூடியோவின் பின்திரையில் இருந்த மாளிகைப் படிக்கட்டும் பூந்தொட்டியும் கையால் வரைந்தவைதான். அந்தப் படிக்கட்டுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் யாரும் அதை நிஜப் படிக்கட்டு என்று நினைத்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு புரியும்.

நல்ல விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். போனில் தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் வருகிறது. கூகுளின் ஜெமினி செயலி 2024 ஜூனில் தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகளில் வந்தது, ஆளோடு பேசுவதுபோல வாய்விட்டுப் பேசும் வசதி அதே ஆண்டு அக்டோபரில் வந்தது என்று பேரன் சொன்னான். நான் எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்கிறேன், அது வானொலிச் செய்தி மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொல்கிறது. என் மனைவிக்குக் கண்புரை அறுவை செய்த பிறகும் பொடி எழுத்து தெரிவதில்லை. மிக்ஸியோடு வந்த அட்டையில் இந்தியும் ஆங்கிலமும்தான் இருந்தன. போனை மேலே பிடித்ததும் அந்த எழுத்தெல்லாம் தமிழாக மாறி நின்றன. எழுத்தைப் பெரிதாக்கி அவளே படித்தாள். 46 வருடமாக ரசீது, அட்டை, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்காகவே மகளுக்கு நன்றி சொன்னேன்.

பரணில் கிடந்த பழைய பெட்டிக் கேமரா ஒன்றைப் படம் பிடித்து விரலால் வட்டம் போட்டேன். அக்ஃபா கிளிக் III என்று உடனே சொல்லிவிட்டது. சரியான பதில்.

இரவுப் படமும் அப்படித்தான். அந்தக் காலத்தில் தீபாவளி மத்தாப்பைப் படம் எடுக்க வேண்டுமென்றால் ஸ்டாண்டில் கேமராவை மாட்டி, விரலை எடுக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் 'பல்ப்'பில் வைத்து, வாய்க்குள் ஒன்று இரண்டு எண்ணுவோம். கை கொஞ்சம் அசைந்தாலும் ஒரு பிலிம் வீண். இந்தப் போன் இரண்டு மூன்று விநாடிக்குள் பல படங்களை எடுத்து, கை நடுக்கத்தைக் கழித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாகத் தருகிறது. புஸ்வாணப் பொறிக்குப் பின்னால் பேத்தியின் முகம் அவ்வளவு தெளிவாக வந்திருந்தது. அங்கே இருந்த வெளிச்சம்தான் அது, நாங்கள் எண்ணி எண்ணிச் சேர்த்ததை இது கணக்குப் போட்டுச் சேர்க்கிறது. நாங்கள் செய்த வேலையின் அடுத்த படி என்று எனக்குப் பட்டது.

சிக்கல் அடுத்த வாரம் ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கழுகுமலை போனோம். எங்கள் ஊரிலிருந்து 20 கிலோமீட்டர் சுமார். வெட்டுவான் கோயிலைப் பார்த்துவிட்டு மேலே ஏறினால், பாறை நெடுக வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள். 8-ஆம் நூற்றாண்டு வாக்கில் செதுக்க ஆரம்பித்தவை. பல உருவங்களின் அடியில் வட்டெழுத்தில் இரண்டொரு வரி வெட்டியிருக்கிறார்கள், அதைச் செய்வித்தவர் இன்னார், இன்ன ஊர் என்று. குரத்தியர் என்ற பெண் துறவிகளின் பெயர்கூட அந்த வரிகளில் வருகிறது. ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் காசு கொடுத்து, தன் பெயரைப் பாறையில் எழுதிவைத்துப் போயிருக்கிறார். அந்த இடத்தில் எப்போது நின்றாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பாறைக்கு முன்னால் பேரப்பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்தேன். பின்னால் யாரோ ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றுவிட்டார். "தாத்தா, அவர அழிச்சிரலாம், இங்க பாருங்க" என்று பேரன் விரலால் அவர்மேல் ஒரு கோடு இழுத்தான். இரண்டு விநாடியில் ஆள் இல்லை. எனக்கும் முதலில் மலைப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த ஆள் நின்ற இடத்தில் பாறை வெறுமனே இல்லை. அங்கே ஒரு சின்னத் தீர்த்தங்கரர் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் மூன்றடுக்குக் குடைபோல ஏதோ ஒன்று, காலடியில் எழுத்துபோலக் கீறல்கள். என் பழைய படங்களை எடுத்துவைத்து ஒப்பிட்டேன். அப்படி ஓர் உருவம் அந்த இடத்தில் கிடையாது. பக்கத்தில் இருந்த உருவங்களைப் பார்த்து, இங்கேயும் ஒன்று இருக்கலாம் என்று போன் தானாக ஒன்றைச் செதுக்கி வைத்துவிட்டது. அடியில் இருந்த கீறல் எந்த மொழியிலும் எந்த எழுத்தும் இல்லை.

இதன் வேலை இப்படித்தான் என்று பேரன் விளக்கினான். கோடிக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கியிருக்கிறார்கள். ஓர் இடம் காலியானால் அங்கே எது இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று கணித்து அதை வரைந்துவிடும். இரவுப் படத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் எனக்குத் தெளிவாகப் பிடிபட்டது. அது வந்து விழுந்த வெளிச்சத்தைச் சேர்க்கிறது. இது வராத வெளிச்சத்தை வந்ததாக எழுதுகிறது. போனில் இரண்டுக்கும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி பட்டன். இரண்டுக்கும் 'ஏஐ' என்றுதான் பெயர்.

இப்போது ஆச்சி படத்துக்கு வருகிறேன்.

1972-ல் என் முதலாளி, "இன்னைக்கு நீயே ஒண்ணு எடுலே" என்று முதல் தடவையாகக் கேமராவை என் கையில் கொடுத்தார். நான் போய் எங்கள் ஆச்சியை, என் அப்பாவைப் பெற்றவளைக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். யாஷிகா கேமரா. 120 ரோல், அதில் 12 படம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் செய்த 'இந்து' பிலிம். விளக்கு போட்டால் ஆச்சிக்குக் கண் கூசும் என்று வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தேன். காது இரண்டும் வளர்த்த காது, கிட்டத்தட்டத் தோளைத் தொடும். அதில் பாம்படம். அரக்கு அடைத்த தங்கம், சதுரமும் உருண்டையுமாக அடுக்கியது. கன்னத்திலும் நெற்றியிலும் அம்மைத் தழும்பு. சிறு வயதில் வைசூரி கண்டு பிழைத்தவள். அவளோடு பிறந்த இரண்டு பேர் அதே வாரத்தில் போய்விட்டார்கள் என்று சொல்லுவாள். என்னிடம் இருக்கும் ஆச்சி படம் அந்த ஒன்றுதான். 1983-ல் இறந்துபோனாள்.

அந்த நெகட்டிவ் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மகளின் டேப்லெட் திரையை வெள்ளையாக்கி, அதன்மேல் நெகட்டிவை வைத்துப் படம் எடுத்து, கருப்பு வெள்ளையைத் திருப்பினோம். 53 வருடம் கழித்து ஆச்சி திரையில் வந்து உட்கார்ந்தாள். எனக்குப் பேச்சு வரவில்லை. ஓரத்தில் கொஞ்சம் பூசணம், நடுவில் ஒரு கீறல், மற்றபடி அப்படியே இருந்தாள்.

"இருங்க தாத்தா, இன்னும் தெளிவாக்கலாம்" என்று பேரன் மெருகேற்றும் பட்டனைத் தட்டினான். கீறல் போனது, பூசணம் போனது. அதுவரை நல்லதுதான். அப்புறம் பார்த்தால் அம்மைத் தழும்பு ஒன்றுகூட இல்லை. கன்னம் மெழுகுபோல வழுவழுவென்று இருக்கிறது. கண்ணில் புதிதாக ஒரு மினுக்கம். நான் எடுத்தது ஜன்னல் வெளிச்சம், அதனால் கண்ணில் வெளிச்சப் புள்ளி இடப்பக்கம் சதுரமாக விழுந்திருக்கும். நெகட்டிவிலும் அப்படித்தான் இருக்கிறது. போன் போட்ட புள்ளி இரண்டு கண்ணிலும் நட்டநடுவில் வட்டமாக இருந்தது. இவை எல்லாவற்றையும்விடக் காதைப் பார்த்ததும்தான் எனக்குப் பகீரென்றது. வளர்த்த காதைக் காணோம். சாதாரணக் காது, அதில் ஒரு சின்னத் தோடு. தொங்கிய பாம்படம் இருந்த இடத்தில் ஒரு கற்றை முடி தோளில் விழுந்து கிடந்தது. எங்கள் ஆச்சி ஒரு நாளும் முடியை அவிழ்த்துப்போட்டு இருந்தவள் இல்லை. அள்ளி முடிந்த கொண்டைதான்.

என் மனைவிக்கு நாலு வருடம் ஆச்சியோடு இருந்த பழக்கம். எட்டிப் பார்த்துவிட்டு, "இது யாரு, ஆச்சிக்குத் தங்கச்சியா?" என்று உண்மையாகவே கேட்டாள்.

ஒன்று என்னை ரொம்ப யோசிக்கவைத்தது. அதே போனிடம் "பாம்படம்னா என்ன?" என்று வாயால் கேட்டேன். தென் மாவட்டங்களில் வயதான பெண்கள் காது வளர்த்துப் போட்ட கனமான தங்க நகை என்று சரியாகச் சொன்னது. கேட்டால் தெரிகிறது, பார்த்தால் தெரியவில்லை. அதற்குக் காட்டிய கோடிப் படங்களில் பாம்படம் போட்ட கிழவிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அதற்குப் பழகிய காது வேறு காது. எங்கள் ஆச்சியின் காதைப் பிழை என்று எண்ணித் திருத்திவிட்டது.

நான் போட்டோ தொழிலில் இருந்தவன் என்பதால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். படத்தை மாற்றுவது நாங்களும் செய்ததுதான். 'டச்சிங்' என்று அதற்கே தனி மேஜை இருந்தது. சாய்வான பலகை, நடுவில் மங்கல் கண்ணாடி, அடியில் ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பும் முகம் பார்க்கும் கண்ணாடி. நெகட்டிவின் மருந்துப் பக்கத்தில் பென்சில் பிடிப்பதற்காக ஒரு திரவத்தைத் தடவி, உப்புத்தாளில் ஊசிபோலத் தீட்டிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். தழும்புக் குழி நெகட்டிவில் வெளுத்துத் தெரியும், அதைப் பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் கருப்பு மறையும். பெண் பார்க்கக் கொடுக்கும் படத்தில் அம்மைத் தழும்பைக் குறைத்துத் தரச் சொல்லி வராத வாரமே கிடையாது. ஒரு முகத்துக்கு அரை நாள் ஆகும். "குறை, அழிக்காத" என்பார் முதலாளி. "மச்சத்தத் தொட்ராத" என்பது அதைவிட முக்கியமான கட்டளை. பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று எழுதுகிறார்களே, அது படத்திலும் இருக்க வேண்டும் என்பார்.

இறந்த கணவரையும் உயிரோடிருக்கும் மனைவியையும் ஒரே படத்தில் சேர்த்துத் தரச் சொல்லி அழுதுகொண்டே வருவார்கள். கல்யாணப் படம்கூட எடுத்துக்கொள்ளாத காலம் அது. ஏதோ ஒரு குரூப் போட்டோவில் பொட்டளவுக்கு இருக்கும் அவர் முகத்தைப் பெரிதாக்கி, வெட்டி, இந்த அம்மாள் பக்கத்தில் ஒட்டி, சேர்ந்த இடத்தில் பிரஷ்ஷால் வண்ணம் தடவி, மறுபடியும் படம் எடுத்துத் தருவோம். பொய்ப் படம்தான். ஆனால் அந்தப் படத்தை வாங்கிப்போன ஒருவருக்கும் அது எப்படிச் செய்தது என்று தெரியாமல் இருந்ததில்லை. அவர்கள் கேட்டுத்தான் செய்தோம். இன்னொரு காரியமும் செய்தோம். ஒவ்வொரு நெகட்டிவையும் தனி உறையில் போட்டு எண், தேதி, பெயர் எழுதுவோம். டச்சிங் செய்திருந்தால் மூலையில் சிவப்பில் 'ட' என்று ஓர் எழுத்து, சேர்த்த படமாக இருந்தால் 'சே'. நேர்ப் படத்துக்கு ஒன்றும் இருக்காது. பத்து வருடம் கழித்து வந்து நெகட்டிவ் நம்பரைச் சொன்னாலும், உறையைப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிடும். சேர்த்த படத்தோடு பழைய அசலையும் அதே உறையில் வைத்திருப்போம்.

போனில் எனக்கு வேண்டியது இவ்வளவுதான். அந்த ஓர் எழுத்து. அசலுக்கு ஓர் உறை.

கம்பெனிகள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். சாம்சங் போன்களில் இந்த வகையில் திருத்திய படத்தின் கீழ்மூலையில் ஒரு சிறு குறி விழுகிறது. கூகுள் போட்டோஸில் 2024 அக்டோபரிலிருந்து, படத்தின் விவரப் பகுதிக்குள் போனால் ஏஐ கொண்டு திருத்தியது என்று ஒரு வரி இருக்கிறது. 2021-ல் அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி முதலியவை சேர்ந்து, ஒரு படம் எங்கே எப்படிப் பிறந்தது என்ற ஜாதகத்தைப் படத்துக்குள்ளேயே பதித்துவைக்கும் ஒரு முறையை வகுக்க ஆரம்பித்தன. சி2பிஏ என்று பெயர். 2025-ல் வந்த கூகுள் பிக்சல் 10 எடுக்கும் படங்களில் அது பதிந்தே வருகிறது. வரவேற்கிறேன். ஆனால் நம் ஆட்கள் படம் அனுப்பும் விதத்தைப் பாருங்கள். மூலையில் உள்ள குறி ஓரத்தை வெட்டினால் போய்விடும். உள்ளே பதிந்த விவரம், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் கழன்றுவிடும். டாக்குமென்டாக அனுப்பினால்தான் தங்கும், அப்படி அனுப்புகிறவர்கள் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். போகட்டும், என் போனில் அந்தக் குறியாவது தமிழில் இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. என் மனைவி படிக்க முடியாத எழுத்தில், எறும்பு அளவில் இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. நான் பதறிக்கொண்டு இருக்கும்போதே பேரன் மெருகேற்றிய படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். குற்றம் சொல்ல மாட்டேன், ஆசையாகச் செய்தான். பெங்களூர், துபாய், திருப்பூர் என்று எல்லா இடத்திலிருந்தும் கை கூப்பும் படங்கள் வந்தன. தூத்துக்குடியில் இருக்கும் சித்தப்பா மகன் மறுநாளே அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டம் அடித்து, சாமி அறையில் மாட்டி மாலையும் போட்டுவிட்டான்.

நான் நெகட்டிவிலிருந்து நேராக ஒரு பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்கே போனேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவன் ரொம்ப நேரம் பார்த்தான். "அண்ணே, தப்பா நெனக்காதீங்க. உங்க படத்துல ஆச்சி மங்கலா இருக்காங்க. இதுலதான் பளிச்சுன்னு இருக்காங்க" என்றான். அவனுக்கு ஆச்சி இறக்கும்போது நாலு வயது. காது நினைவில்லை. அவன் பிள்ளைகளுக்கு ஆச்சி என்றால் இனி அந்தச் சட்டத்துக்குள் இருக்கும் அம்மாள்தான். தழும்பு இல்லாத, பாம்படம் இல்லாத, முடியை விரித்துப்போட்ட ஓர் அம்மாள். நான் கொண்டுபோன பிரிண்டை வாங்கிப் பீரோவுக்குள் வைத்துக்கொண்டான். பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசு ரொம்பக் கனத்துக் கிடந்தது.

இது குடும்பக் கதை, பத்திரிகைக்கு எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். அதற்கு வருகிறேன். உங்கள் பத்திரிகையில் 'காணவில்லை' விளம்பரங்கள் வருகின்றன. வயதானவர்கள், மனநலம் குன்றியவர்கள், பள்ளிப் பிள்ளைகள். வீட்டார் பதற்றத்தில் போனில் இருக்கும் நல்ல படமாகப் பார்த்து ஒன்றை அனுப்புவார்கள். நல்ல படம் என்றால் இப்போது பெரும்பாலும் மெருகேற்றிய படம்தான். சில போன்களில் கேமராவைத் திறந்ததுமே முகத்தை வழவழப்பாக்கும் அமைப்பு நாம் கேட்காமலே வேலை செய்துகொண்டு இருக்கிறது. "இடது புருவத்துக்கு மேல் வெட்டுத் தழும்பு" என்று கீழே அச்சிட்டிருப்பீர்கள். மேலே உள்ள படத்தில் அந்தத் தழும்பு இருக்காது. பஸ் நிலையத்தில் அந்தப் பெரியவரைப் பார்க்கிற ஒருவர் பேப்பரில் இருக்கும் முகத்தோடு ஒப்பிட்டுவிட்டு, இவர் இல்லை என்று நடந்துவிட்டால் என்ன செய்வது? ஸ்டூடியோக்காரன் பென்சிலைக் கீழே வைக்க வேண்டிய இடம் அது. மச்சத்தைத் தொடாதே என்று என் முதலாளி சொன்னது இதற்குத்தான்.

ஆகவே முதல் வேண்டுகோள் உங்களுக்கே. 'காணவில்லை' விளம்பரத்துக்குப் படம் வாங்கும்போது, "மெருகேற்றாத அசல் படம் இருக்கிறதா, டாக்குமென்டாக அனுப்புங்கள்" என்று உங்கள் விளம்பரப் பிரிவினர் ஒரு வார்த்தை கேட்கட்டும். மங்கலாக இருந்தாலும் அசலையே போடுங்கள். கண்ணீர் அஞ்சலிப் படங்களில் குடும்பத்தார் விருப்பப்படி செய்துகொள்ளட்டும், அதில் நான் தலையிட மாட்டேன். நாங்களே எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறோம்.

அடுத்தது அரசாங்கத்துக்கு. தீபாவளி முடிந்த இரண்டாம் நாள், 2025 அக்டோபர் 22-ஆம் தேதி, மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் ஒரு வரைவு விதியை வெளியிட்டது. செயற்கையாக உருவாக்கிய, மாற்றிய படங்களில் பரப்பில் குறைந்தது 10 விழுக்காட்டுக்கு அடையாளம் போட வேண்டும் என்று அந்த வரைவில் இருந்தது. நோக்கம் சரி. ஆனால் பத்தில் ஒரு பங்கை மறைத்து எழுத்து போட்டால் வீட்டுப் படத்தில் யாரும் அதை வைத்துக்கொள்ள மாட்டார்கள், வெட்டி எறியத்தான் வழி தேடுவார்கள். பழைய ஸ்டூடியோ அட்டைகளின் அடியில் கடைப் பெயரும் ஊர்ப் பெயரும் புடைப்பாக ஒரு முத்திரை இருக்குமே, அதுபோலப் படத்துக்கு வெளியே, கீழ் ஓரப் பட்டையில், தமிழில், படிக்கும் அளவுக்கு 'திருத்திய படம்' என்று இருந்தால் போதும். படத்துக்கு அழகு கெடாது, சட்டம் அடித்து மாட்டினாலும் கூடவே இருக்கும். அதோடு, படத்தை எப்படி அனுப்பினாலும் உள்ளே பதிந்த விவரம் கழன்றுவிடக் கூடாது. இதைப் போன் கம்பெனிகளும் செய்தி அனுப்பும் செயலிகளும் சேர்ந்துதான் செய்ய முடியும்.

போன் விற்கிற கடைக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். எத்தனை மெகாபிக்சல், எத்தனை மணி நேரம் சார்ஜ் நிற்கும் என்றெல்லாம் எனக்குப் பொறுமையாகச் சொன்னார்கள். எந்தப் பட்டன் இருக்கிற வெளிச்சத்தைச் சேர்க்கும், எந்தப் பட்டன் இல்லாததை வரையும் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. கேட்டபோது "எல்லாம் ஏஐ சார்" என்றார் அந்தத் தம்பி. அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பழைய குடும்பப் படங்களைப் போனில் ஏற்றுகிறவர்களுக்கு, நாற்பது வருடம் இதே வேலையாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் எந்தப் பட்டனையும் தட்டாமல் உள்ளது உள்ளபடி ஒரு நகல் எடுத்து 'அசல்' என்று பெயரிட்டுத் தனி ஆல்பத்தில் போட்டுவிடுங்கள். மெருகேற்றுவது எதுவானாலும் இன்னொரு நகலில் செய்யுங்கள். கீறல், பூசணம், கறை நீக்கலாம், அவை படத்துக்குப் பின்னால் வந்தவை. முகத்தின் மேலும் நகையின் மேலும் விரலை வைக்காதீர்கள். நகையைப் பார்த்து எந்த ஊர், எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம். தாலியின் வடிவம், மூக்குத்தி எந்தப் பக்கம், காது வளர்த்ததா இல்லையா, எல்லாம் ஒரு குடும்பத்தின் தகவல்தான். படத்தின் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருக்கும் தேதியையும் பெயரையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் கிடைத்தால் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். ஓரத்தைப் பிடித்து எடுத்து, காகித உறையில் போட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

பேரன் இப்போது ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறான். என் கடையில் மிச்சமிருக்கும் நெகட்டிவ் உறைகளை ஒவ்வொன்றாக டேப்லெட்டில் வைத்துப் படம் எடுக்கிறான். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது உறையில் உள்ள எண்ணையும் தேதியையும் அப்படியே போடுகிறான். உறை மூலையில் சிவப்பு எழுத்து இருந்தால் பெயரின் கடைசியில் 'ட' என்றோ 'சே' என்றோ சேர்க்கிறான். நான் சொல்லவில்லை, அவனாகவே கேட்டுத் தெரிந்துகொண்டு செய்கிறான். தீபாவளிக்குப் பிறகு இதுவரை 140 உறை முடிந்திருக்கிறது.

இத்துடன் இரண்டு படங்கள் வைத்திருக்கிறேன். இடம் இருந்தால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வெளியிடுங்கள், காதைப் பார்த்ததும் வாசகர்களுக்கே புரிந்துவிடும். இடம் இல்லை, ஒன்றுதான் போட முடியும் என்றால் மங்கலாக இருப்பதைப் போடுங்கள். அச்சுக்குப் போகும்போது கணினியில் தெளிவாக்க வேண்டாம் என்று உங்கள் வடிவமைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். நடுவில் குறுக்காக ஓடும் கீறலும் இருக்கட்டும். அது நெகட்டிவில் உள்ளது. படத்தின் பின்னால் என் கையெழுத்தில் எண் எழுதியிருக்கிறேன். திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, நெகட்டிவ் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு வாசகர்,
கோவில்பட்டி.